மில் முதலாளியிடம் ஓப்பன் சோர்ஸ் பேசுவது

கும்பகோணம், பாபநாசம், நீடாமங்கலம், மன்னார்குடி வட்டாரத்தில் அரிசி ஆலைகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் கணினியும் மென்பொருளும் போட்டுக் கொடுப்பது என் தொழில். முடிந்த இடத்திலெல்லாம் கட்டற்ற மென்பொருளைத்தான் போடுகிறேன், அதாவது நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை. சர்வருக்கு உபுண்டு, மேசைக் கணினிக்கு லினக்ஸ் மின்ட், கடிதத்துக்கும் கணக்குத் தாளுக்கும் லிப்ரே ஆபிஸ், கொள்முதல், இருப்பு, விற்பனைக்கு ஈஆர்பிநெக்ஸ்ட். இவற்றை நிறுவுவது இப்போது பெரிய வித்தை இல்லை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைச் சம்மதிக்க வைப்பதுதான் வேலை. இதே ஆர்வத்தோடு டெல்டாவில் இறங்கும் தம்பி தங்கைகளுக்கு உதவட்டும் என்று, பழக்கத்தில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து முதலாளிகள் யாரும் "இதில் என்னென்ன வசதி இருக்கு?" என்று தொடங்குவதில்லை. "நின்னு போச்சுன்னா யாருப்பா வருவா?" இதுதான் முதல் கேள்வி. குறுவை அறுவடை நேரத்தில் ஆலை வாசலில் நெல் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். எடை மேடையில் சீட்டு வரவில்லை என்றால் லோடு இறங்காது, லோடு இறங்காவிட்டால் கூலியாட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், லாரிக்காரர் காத்திருப்புக் கூலி கேட்பார். ஒரு மணி நேரம் கணினி நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று முதலாளிக்கு மனக்கணக்காகவே தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் மூலநிரல், உரிமம், சுதந்திரம் என்று ஆரம்பித்தால் மரியாதைக்காகக் கேட்டுக்கொள்வார், மனதில் ஏறாது. அதனால் நான் பேச்சை வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன்: ஏற்கெனவே இருக்கும் மென்பொருள் நின்றபோது யார் வந்தார்கள்?

2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டி விற்கும் அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேற்பட்ட எடைக்கு அந்த வரி இல்லை. தமிழ்நாடு முழுக்க 26 கிலோ மூட்டை கடைக்கு வந்தது அப்படித்தான். ஆலையில் பை மாறியது, அச்சு மாறியது, எடை போடும் மெஷினில் அளவு மாறியது. பில்லிலும் மாற வேண்டும் இல்லையா? பாபநாசம் பக்கம் ஓர் ஆலையில் இருந்த மென்பொருளில் 25 கிலோ என்பது நிரலுக்குள்ளேயே பதிந்து கிடந்தது. எழுதி விற்றவர் தொழிலை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார். டாங்கிள் என்ற சின்னப் பூட்டுச் சாவியைக் கணினியில் செருகினால்தான் திறக்கும், தரவுக் கோப்பை வேறு எதிலும் பார்க்க முடியாது. கணக்குப்பிள்ளை ஒவ்வொரு பில்லையும் அச்சடித்து, எடையைப் பேனாவால் அடித்து எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் அத்தனையையும் எக்செல் தாளில் மறுபடி ஏற்ற வேண்டும்.

அந்த முதலாளிக்கு ஓப்பன் சோர்ஸ் என்ற பேரையே நான் முதலில் எடுக்கவில்லை. "ஐயா, ஷெல்லர்ல ரப்பர் ரோல் தேஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். ஷெல்லர் என்பது நெல்லின் உமியை நீக்கும் மெஷின். "வாங்கி மாட்டுவோம். இதென்ன கேள்வி தம்பி?" என்றார். "மெஷினை வித்தவர் வந்துதான் மாட்டணும், வேற யாரும் மூடியையே திறக்கக் கூடாதுன்னு சொன்னா அந்த மெஷினை வாங்குவீங்களா?" அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "கணக்கையாவைக் கொஞ்சம் வரச் சொல்லு" என்றார். அதற்கப்புறம்தான் உண்மையான பேச்சு ஆரம்பித்தது.

பேச்சு மட்டும் போதாது, கண்ணால் காட்ட வேண்டும். ஆனால் எல்லாரும் காட்டுகிற வரைபடமும் வண்ணப் பலகையும் முதலாளிக்கு வேண்டியதில்லை. நான் காட்டுவது மீட்டெடுப்பு. இரண்டு பழைய மடிக்கணினிகளைக் கொண்டுபோவேன். ஒன்றில் மாதிரி ஆலைக் கணக்கு இருக்கும். முதலாளியையே ஒரு லோடு பதியச் சொல்வேன்: வியாபாரி பெயர், லாரி எண், மொத்த எடை, காலி வண்டி எடை. அவர் விரலால் அடித்த அந்த லோடு இருப்பில் ஏறியதைப் பார்த்ததும் பேக்கப் எடுத்துப் பென் டிரைவில் போடுவேன். அந்த மடிக்கணினியை அணைத்து, பைக்குள் வைத்து, ஜிப்பை மூடிவிடுவேன். "இது இப்ப எரிஞ்சு போச்சுன்னு வச்சுக்குங்க ஐயா." பிறகு இரண்டாவது மடிக்கணினியில் பென் டிரைவைச் செருகுவேன்.

இந்த இடத்தில் ஒரு சின்ன உத்தி உண்டு. மீட்டெடுக்கும் கட்டளைகளை நான் அடிக்க மாட்டேன். படிப்படியாகத் தமிழில் எழுதி அச்சடித்த ஒரு தாளை அங்கே பில் போடும் பையனிடமோ பெண்ணிடமோ கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வேன். அவர்கள் தாளைப் பார்த்துப் பார்த்து அடிப்பார்கள். கொஞ்ச நேரம் ஆகும். முதலாளி எதையோ பார்ப்பதுபோல் இருந்தாலும் கவனம் திரையில்தான் இருக்கும். அவர் பதிந்த லாரி எண் அந்த இன்னொரு கணினியில் வந்து நிற்கும்போது "யாரு வருவா" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது. அவருடைய ஆளே செய்துவிட்டாரே!

மீதிப் பதிலை எழுத்தில் கொடுக்கிறேன். என் விலைப்புள்ளியில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று நான், இன்னொன்று இதே வேலை தெரிந்த, என்னிடம் சம்பளம் வாங்காத வேறொருவர். சர்வர் கடவுச்சொல், எது எங்கே நிறுவப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு, பேக்கப் எங்கே போகிறது என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு ஒட்டி, முதலாளியின் இரும்புப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிடுவேன். கடவுச்சொல் மாறினால் கவரும் மாறும். வாடிக்கையாளரை இப்படி விட்டுவிட்டால் அவர் நாளைக்கே வேறு ஆளிடம் போய்விட மாட்டாரா என்று சக தொழில்காரர்கள் கேட்பதுண்டு. போகலாம். போகக்கூடிய நிலையில் அவரை வைப்பதுதான் கட்டற்ற மென்பொருளின் பொருளே என்று நான் நினைக்கிறேன். அதை நாமே மறைத்தால் டாங்கிள் போட்டவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

அடுத்து கணக்குப்பிள்ளை. கையெழுத்துப் போடுவது முதலாளி என்றாலும் முடிவு பல இடங்களில் இவர் முகத்தைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது. இவர் "சரிப்பட்டு வராது முதலாளி" என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தோடு முடிந்தது. இவருக்கு இருப்பது மென்பொருள் பயம் இல்லை. இத்தனை வருஷமாகத் தன் தலைக்குள் வைத்திருக்கும் கணக்கை எவனோ வெளியூர்க்காரன் எழுதிய கட்டத்துக்குள் அடைக்க வேண்டுமே என்ற கவலை. அது நியாயமான கவலைதான். எங்கள் ஆலைகளில் விவசாயி மூட்டைக் கணக்கில் பேசுவார், எடை மேடை கிலோவில் காட்டும், விலை குவிண்டாலுக்கு, அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்து நெல் 40 கிலோ சிப்பமாக அரவைக்கு வரும், அரிசி 26 கிலோவாக வெளியே போகும். நடுவில் ஈரப்பதத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு, தவிடு, குருணை, உமி என்று தனித்தனிக் கணக்கு.

ஈஆர்பிநெக்ஸ்டில் அளவை அலகுகளை நாமே சேர்க்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு என்று பொருள்வாரியாகக் கொடுக்கலாம். படிவத்தில் புதுக் கட்டம் சேர்க்க நிரல் எழுத வேண்டியதில்லை, திரையிலேயே செய்யலாம். இதைக் கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டும். "ஐயா, இந்தக் கழிவுக்கு நீங்க என்ன பேரு போடுவீங்க?" என்று கேட்டு, அவர் சொன்ன பெயரையே தமிழில் அடித்துச் சேமித்தால், அடுத்த நொடி அது கொள்முதல் ரசீதில் நிற்கும். ஒருவர் "சாக்குத் தள்ளுபடி" என்றார், இன்னோர் ஆலையில் "கோணிக் கழிவு". இரண்டும் அப்படியப்படியே இருக்கின்றன. தன் சொல்லைத் திரையில் பார்த்த கணக்குப்பிள்ளை அதற்கப்புறம் குறை சொன்னாலும் "இதை இப்படி மாத்து" என்றுதான் சொல்வார், "வேண்டாம்" என்று சொல்வதில்லை.

தமிழ் அச்சு பற்றியும் சொல்ல வேண்டும். மூட்டை தூக்குபவர்களும் லாரி ஓட்டுநரும் சீட்டைப் படிக்க வேண்டும் என்றால் தமிழில் இருக்க வேண்டும். சின்ன தெர்மல் பிரிண்டர்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இருக்காது. யூனிகோட் எழுத்தை நேராக அனுப்பினால் கட்டம் கட்டமாகவோ குப்பையாகவோ வரும். சீட்டை முழுப் படமாக மாற்றி அனுப்பினால் சுத்தமாக வந்துவிடும். டாட் மேட்ரிக்ஸிலும் அதே வழிதான், ஆனால் மெதுவாக ஓடும், அதனால் அங்கே பெயரை மட்டும் தமிழில் வைத்து எண்களைச் சாதாரணமாக விடுவது நல்லது. முதலாளியிடம் காட்டப் போகும் முன் அவருடைய பிரிண்டரிலேயே ஒரு சீட்டு அடித்துப் பார்த்துவிடுங்கள். எடை மேடை இண்டிகேட்டரும் அப்படித்தான். பெரும்பாலானவை சீரியல் கேபிளில் எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும். யூஎஸ்பி மாற்றி ஒன்றைப் போட்டு, பைத்தானில் சில வரிகள் எழுதினால் லினக்ஸில் படித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு கம்பெனி இண்டிகேட்டரும் அனுப்பும் வரிசை வேறு, வேகம் வேறு.

ஆடிட்டரோடு மோதாதீர்கள். இது நான் அடித்துச் சொல்லும் விஷயம். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் ஆடிட்டர் அலுவலகங்களில் டேலி என்ற கணக்கு மென்பொருள்தான். அவருடைய உதவியாளர்கள் அதில்தான் பழகியவர்கள். அதை மாற்றச் சொல்லும் வேலை நமக்கு இல்லை. டேலி எக்ஸ்எம்எல் கோப்பை உள்வாங்கும், அந்த வடிவத்தில் மாதா மாதம் விற்பனை, கொள்முதல் பதிவுகளைக் கொடுத்துவிட்டால் அவர் வேலை அவர் பாட்டுக்கு நடக்கும். ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரத் தாக்கலுக்கான கோப்பும் நம்மிடமிருந்தே போகும். ஆலை பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் ஆடிட்டர் இன்னொன்று கேட்பார். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடம் கட்டாயம் பதிவாக வேண்டும், அதை அணைக்கவும் முடியக் கூடாது. ஈஆர்பிநெக்ஸ்டில் சமர்ப்பித்த பில்லைச் சத்தமில்லாமல் திருத்த முடியாது, ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், பழையது அப்படியே நிற்கும். இதை ஆடிட்டருக்கு நேரில் காட்டுங்கள். முதலாளிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பில்லை இஷ்டத்துக்கு அழித்துப் பழகியவருக்கு இது பிடிக்காது, வேலை முடிந்தபிறகு தெரிந்தால் கோபம் நம்மீது திரும்பும்.

விண்டோஸ் பேச்சு இப்போது தானாகவே வருகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இங்கே ஆலை அலுவலகங்களில் இருப்பவை பெரும்பாலும் பழைய கணினிகள், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு பலவற்றில் கிடையாது. நன்றாக ஓடும் கணினியை மாற்றச் சொன்னால் எந்த முதலாளிக்கும் மனசு வராது. அந்தக் கணினியிலேயே லினக்ஸ் மின்ட் போட்டு, பிரவுசரில் கணக்கைத் திறந்து காட்டினால் சேமிப்பு கண்முன்னே தெரியும். பல இடங்களில் ஓடுவது திருட்டு நகல் என்பதையும் சொல்லியாக வேண்டும். தெரிந்தே திருட்டு மென்பொருள் பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதை ஒரே ஒரு தடவை, தனியாக, மெதுவான குரலில் சொல்லுவேன். பயமுறுத்தி விற்றால் பயம் தெளிந்ததும் வாடிக்கையும் போய்விடும்.

சில கணினிகளை நான் தொடுவதே இல்லை. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகும் கணினி, வங்கி வேலைக்கென வைத்திருக்கும் கணினி, அச்சகத்துக்கு டிசைன் அனுப்பும் கணினி எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுகிறேன் என்று சொல்பவரை முதலாளிகள் நம்புவதில்லை, நம்பவும் கூடாது.

"ஊர்ல வேற யாரு வச்சிருக்கா?" என்பது அடுத்த கேள்வி. இதற்குக் கேரளப் பள்ளிகள், பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா போன்ற பெயர்களை நான் சொல்வதுண்டு. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸ்தான், ஜெரோதாவின் கணக்கு ஓடுவது ஈஆர்பிநெக்ஸ்டில். மத்திய அரசும் 2015-இல் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு முன்னுரிமை என்று கொள்கை வெளியிட்டது. இதெல்லாம் மகன், மருமகள் தலைமுறைக்குப் பயன்படும். பெரியவருக்கு வேண்டியது பத்து மைல் சுற்றளவில் ஒரு ஆலை. அதனால் ஏற்கெனவே போட்ட இடத்து முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, புதியவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கூடப் போகாதீர்கள். அவர்கள் இரண்டு பேரும் நம்மைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்வதுதான் முக்கியம்.

இணையம் போனால் என்ன ஆகும் என்று கேட்காதவர் டெல்டாவில் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைப் பக்கம் நாள் கணக்கில் மின்சாரமும் இல்லை, செல்போன் கோபுரமும் இல்லை. கணக்கு எங்கேயோ மேகத்தில் இருக்கிறது என்றால் எங்கள் ஆட்களுக்கு அந்த நாட்கள்தான் நினைவுக்கு வரும். இங்கே ஓப்பன் சோர்ஸுக்கு நல்ல பதில் இருக்கிறது. சர்வரை ஆலைக்குள்ளேயே வைக்கலாம், ஜெனரேட்டர் ஓடினால் கணக்கும் ஓடும். இரவில் இணையம் இருக்கும்போது ஒரு நகல் வெளியே போகட்டும். சர்வரைத் தரையில் மட்டும் வைக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் அலுவலகத்துக்குள் தண்ணீர் வருகிற ஆலைகள் உண்டு.

காலமும் பார்க்க வேண்டும். சம்பா அறுவடை தொடங்கியதும் தையிலிருந்து யாரும் காது கொடுக்க மாட்டார்கள், பங்குனியில் கணக்கு முடிக்கும் அவசரம். வைகாசி, ஆனிதான் உட்கார்ந்து பேச நேரம். ஆடிக்குள் எடை மேடையையும் இருப்பையும் மட்டும் ஓட விடுங்கள். புரட்டாசியில் குறுவை நெல் வரும்போது ஆட்களுக்குக் கை பழகியிருக்கும். பண வரவு செலவுக் கணக்கை அடுத்த ஏப்ரல் 1 வரை தொடாதீர்கள்.

பணம் வாங்குங்கள். உரிமத்துக்கு ஒன்றுமில்லை என்று விலைப்புள்ளியில் ஒரு வரி எழுதிவிட்டு, நிறுவுதல், பழைய கணக்கை ஏற்றுதல், பயிற்சி, ஆண்டுப் பராமரிப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகை போடுங்கள். சும்மா செய்து கொடுத்தால் நாளைக்குக் கூப்பிட்டால் வருவானா என்ற சந்தேகம் முதலாளிக்கு வரும். அறுவடை மாதங்களில் எத்தனை மணி நேரத்துக்குள் வந்து நிற்பீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். எழுதியதைக் காப்பாற்றுங்கள்.

கடைசியாக வரும் கேள்வி கொஞ்சம் கூர்மையானது. "நான் காசு குடுத்து எழுத வச்சது பக்கத்து மில்காரனுக்கும் போகுமா?" இதை மழுப்பக் கூடாது. ஈஆர்பிநெக்ஸ்ட் வெளிவருவது ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில். சொந்த ஆலைக்குள் பயன்படுத்தும் மாற்றத்தை வெளியிட வேண்டும் என்று அந்த உரிமம் சொல்லவில்லை. வேறொருவருக்கு மென்பொருளைக் கொடுக்கும்போதுதான் நிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எப்படியானாலும் கணக்கும் தரவும் எங்கேயும் போகாது. இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் காட்டுவேன். ஆண்டு வியாபாரம் 5 கோடிக்கு மேல் போனால் 2023 ஆகஸ்ட் 1 முதல், பில்லை அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. அதற்கான வசதியை இந்தியாவில் எங்கெங்கோ உட்கார்ந்திருப்பவர்கள் எழுதி, சோதித்து, பொதுவில் வைத்தார்கள். இந்த ஆலைக்கு அதற்காக ஒரு ரூபாய் செலவில்லை. அந்தப் பக்கமிருந்து வாங்கும்போது இந்தப் பக்கமிருந்தும் கொஞ்சம் போகட்டும் என்று கேட்பேன்.

ஒப்பந்தத்தில் அதற்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஆலைக்காக எழுதும் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே பொதுவில் வைக்கலாமா என்று ஒரு கட்டம். டிக் போடுவது முதலாளி. எடை மேடை படிக்கும் நிரல், தமிழ்ச் சீட்டு அச்சு, மூட்டை சிப்பம் அலகு மாற்றம் இவற்றுக்கு அநேகமாக எல்லாரும் போட்டுவிடுகிறார்கள். தரகு விகிதம், வியாபாரிக்கு வியாபாரி மாறும் கழிவுக் கணக்கு இவற்றை விட்டுவிடுகிறார்கள். அது அவர்கள் தொழில் ரகசியம், அதை நான் கேட்பதும் இல்லை.